பொதுப் பிணை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி லிட்டில் இந்தியாவுக்கு நடந்து வருகிறவர்களில் பாதிப் பேர் துணி எடுக்க வருவார்கள், மீதிப் பேர் சாப்பிட வருவார்கள். மாதவி மட்டும் பேய்களுக்குப் பஞ்சாயத்துப் பண்ண வந்தாள். மூன்று வருடமாக, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அவளுக்கு இதுதான் வேலை.

பதறிவிட வேண்டாம், அது ஒரு விளையாட்டு. ஒரு மேசை, நாலு நாற்காலி, தாள், பென்சில், பகடை. ஒருவர் கதையை நடத்திக்கொண்டு போவார். மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பேசுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். இங்கே கதையை நடத்துகிறவள் மாதவி. அவளுக்கென்று கதைக்குள் வேடமும் கிடையாது, கட்சியும் கிடையாது.

அவள் கதையிலும் ஊர் கிள்ளான்தான். அதில் இரண்டு கூட்டம் இருந்தது. ஆற்றில் போய்த் திரும்பாதவர்கள் ஆற்றுக்காரர்கள். பழைய கடைவீடுகளின் மேல்தளத்தில், விளக்குப் போடாத அறைகளில் தங்கிவிட்டவர்கள் மேல்மாடிக்காரர்கள். ஊர் யாருக்கு என்று இரண்டு கூட்டத்துக்கும் தீராத பகை. விளையாடும் மூவரும் இரு தரப்புக்கும் நடுவே நடையாய் நடக்கிற தூதர்கள்.

இந்த மாதிரி விளையாட்டில் பேயைக் கொண்டுவருவது சுலபம், இரண்டு பேய்க் கூட்டத்தைச் சமமாக வைத்திருப்பதுதான் தலைவலி. ஒரு பக்கம் கை ஓங்கினால் கதை அன்றோடு முடிந்தது. ஆற்றுக்காரர்களுக்கு ஒரு பாலம் கிடைத்தால் அடுத்த முறை மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு மணிக்கூண்டாவது கிடைக்க வேண்டும், அதுவும் விளையாடுகிறவர்களுக்குத் தெரியாமல். இதற்காக மாதவி ஒரு சொங்காக் பலகை வாங்கி வைத்திருந்தாள். நம் பல்லாங்குழிக்கு மலாய்க்காரத் தங்கச்சி அது. அதன் இரண்டு முனையிலும் இருக்கும் பெரிய குழிகளில் மஞ்சாடி விதைகளைப் போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள். வார நாட்களில் ஷா ஆலமில் ஒரு நிறுவனத்தில் லோரிகளுக்கு நடை பிரித்துக் கொடுப்பது அவள் உத்தியோகம். முப்பது டிரைவர்களில் ஒருவர்கூட ‘அவனுக்கு மட்டும் ஏன்’ என்று கேட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

விளையாட்டு மூன்று மணிக்கு. மாதவி இரண்டுக்கே வந்துவிடுவாள். செல்வகுமாரின் அப்பா ஒரு காலத்தில் நடத்திய துணிக்கடையின் மேல்மாடி அது. கீழே இப்போது வளையல் கடை வாடகைக்கு இருக்கிறது. செல்வகுமார் சாவியை அவளிடமே கொடுத்து வைத்திருந்தான். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவள் அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரி படிவம், போலீஸ் படிவம், மின்சுடலைப் படிவம் எல்லாவற்றையும் நிரப்பியவன் அவன்தான். ‘மகள்’ என்ற இடத்தில் அவள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதி எழுதி அவனுக்கே பாடமாகிவிட்டது. அவளால் அன்றைக்குப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

மரப்படியில் ஏறினால் முதலில் பாச்சை உருண்டை வாசனை வரும். பிறகு மடித்து வைத்தே பழசாகிப்போன துணியின் வாசனை. தெருப்பக்கத்து ஜன்னலின் மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாக விழும். கீழே பாட்டுக்கடையின் சத்தம், பொங்கலுக்குக் கரும்பு விற்கிறவனின் கூவல். உள்ளறை மட்டும் எப்போதும் இருட்டு. அங்கே பல்ப் நிலைப்பதில்லை. மாற்றி மாற்றி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் முன்னதாக வருவதற்குக் காரணம் உண்டு. அடுத்து இரு தரப்பும் என்ன செய்யும் என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். தாளை வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்றும் வராது. வாய்விட்டுக் கேட்டால்தான் வரும். படிக்கட்டுப் பக்கம் பார்த்து, “ஆத்துக்காரங்களே, உங்களுக்கு என்ன வேணும்?” என்பாள். அப்புறம் உள்ளறைப் பக்கம் திரும்பி, மேல்மாடிக்காரர்களிடம் அதையே கேட்பாள். இரண்டு பக்கமும் ஒரே குரல், ஒரே மரியாதை. கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் மனசில் வந்து விழும், எழுதிக்கொள்ள வேண்டியதுதான். தன் கற்பனை அப்படிப்பட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

அன்றைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே பதில் வந்தது.

ஆளைக் கொடு.

மாதவி தலையாட்டி எழுதிக்கொண்டாள். அன்றைய ஆட்டமே அதுதானே. மூன்று வருடப் பகையை முடிக்க அன்று உடன்படிக்கை. வழக்கமாக இரு தரப்பும் ஆளுக்கொரு பிணை கேட்கும். உன் ஆள் ஒசத்தியா என் ஆள் ஒசத்தியா என்று மறுபடி வம்பு வரும். அதனால் மாதவி யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு பொதுப் பிணை. அந்த ஆளுக்கு இந்தப் பக்கம் ஆற்றுக்காரர் காவல் ஒன்று, அந்தப் பக்கம் மேல்மாடிக்காரர் காவல் ஒன்று. எங்கே போனாலும் இரண்டு காவலும் கூடவே, சம தூரத்தில். ஆறு மணிக்குள் தூதர்கள் மூவரும் ஒரு பெயரைக் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காவிட்டால் ஊர் போச்சு.

யாரைக் கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கதையில் ஆற்றங்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இராஜம்மா. மாதவி உண்டாக்கிய மனுஷி. ஒருதரம் இராஜம்மாவுக்குக் காய்ச்சல் என்று கதையில் சொன்னதற்கு இஷ்ரத் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவு பிரியம். அந்தப் பிரியத்தை இன்றைக்கு அறுவடை பண்ணிவிடுவது என்று மாதவி இராஜம்மாவின் விடைபெறும் பேச்சை இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வரும் வழியில் ரயிலில் அதைப் படித்துத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மூவரும் வந்தார்கள்.

எப்போதும் படி ஏறும்போதே சத்தம் கேட்கும். இஷ்ரத் பாலர் பள்ளி ஆசிரியை, வாய் ஓயாது. சொக்கலிங்கம் காரைக்குடியிலிருந்து வேலை விசாவில் வந்து பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், மலேசிய வடையைக் குறை சொல்லிக்கொண்டே நாலு தின்பான். அன்று மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக, மருத்துவமனைக்கு ஆள் பார்க்க வந்தவர்கள் மாதிரி வந்தார்கள்.

“என்ன லா, செத்த வீடு மாதிரி இருக்கு,” என்றாள் மாதவி.

“மழை வரும் போல இருக்கு,” என்றான் செல்வகுமார். தேத்தண்ணிப் பையை மேசையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சொக்கலிங்கம் தன் வழக்கமான நாற்காலியை இழுத்து, படிக்கட்டுக்கு முதுகு காட்டாதபடி திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். இஷ்ரத் ஒருமுறை கூரையைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். வடைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

கதை ஆரம்பித்தது. மழையும் பிடித்துக்கொண்டது. மாதவி இரு தரப்பின் கோரிக்கையைச் சொன்னாள், பொதுப் பிணை பற்றிச் சொன்னாள், தன் புத்திசாலித்தனத்துக்கு ஒரு ‘ஆகா’ கிடைக்கும் என்று ஒரு நிமிடம் பொறுத்தும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மேசையில் கிடந்த இஷ்ரத்தின் போன் திடீரென்று ஒளிர்ந்தது. ‘மூணு பேர்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. எதிரே உட்கார்ந்திருக்கும் சொக்கலிங்கம்தான் மேசைக்கடியிலிருந்து அனுப்பியிருந்தான்: *இன்னிக்கே முடிச்சிடலாம்.*

மாதவி பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பிறந்தநாள். அவளைச் சேர்க்காமல் ஒரு குழு, ஆளுக்கு ஆள் திருட்டு முழி, எல்லாம் இப்போது புரிந்துவிட்டது. கேக் எங்கே ஒளித்து வைத்திருப்பார்கள் என்றுகூட யோசித்தாள். அந்தச் சந்தோஷத்தில் குரலைச் சற்று உயர்த்தி, “தூதர்களே, சீட்டு எழுதுங்க,” என்றாள்.

பெரிய முடிவு எதுவானாலும் சீட்டில் எழுதி, மடித்து, பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். கதை நடத்துகிறவள் பிரித்துப் படிப்பாள். முதல் வருடத்தில் வாய்ச்சண்டை முற்றிப்போய் ஏற்பட்ட வழக்கம் அது. மூவரும் எழுதினார்கள். செல்வகுமார் மட்டும் ரொம்ப நேரம் எழுதினான்.

மாதவி இராஜம்மாவின் பேச்சை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தாள். இஷ்ரத்தின் குண்டு எழுத்து.

மாதவி.

“கதையில அப்படி யாரும் இல்லையே,” என்று சிரித்துக்கொண்டே இரண்டாவதைப் பிரித்தாள்.

மாதவி.

மூன்றாவது சீட்டு நாலாக மடித்திருந்தது. அதைப் பிரிப்பதற்குள் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் நேற்று வந்தவர்கள். செல்வா அப்படி எழுத மாட்டான்.

*மாதவி ஏ/பி அங்கமுத்து.* அடையாள அட்டையில் இருப்பது போலவே, அப்பா பெயரோடு. அதற்குக் கீழே பன்னிரண்டு இலக்க எண். அதற்கும் கீழே பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவள் வீட்டு எண், மாடி எண்.

“என்ன விளையாட்டு இது?” என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

செல்வகுமார் மேசையைப் பார்த்தபடி பேசினான். “இராஜம்மாவைச் சொல்லிப் பாத்தோம், வேணாமாம், மாது. இல்லாத ஆளைக் குடுத்து ஏமாத்தப் பாக்குறீங்களான்னு கேட்டாங்க.”

“யாரு?”

பதில் சொன்னது சொக்கலிங்கம். “தீபாவளிக்கு முந்தின வாரத்துலேருந்துங்க. எங்க வீடு பதினாலாவது மாடி. காலைல எந்திரிச்சா வாசல்லேருந்து படுக்கை வரைக்கும் ஈரக்காலு. சேத்து வாசனை. நான் படுக்கிற பக்கம் இல்லைங்க, என் பொண்டாட்டி படுக்கிற பக்கம். அவ ஆறு மாசம் முழுகாம இருக்கா.”

“எங்க வீடு தரை வீடுக்கா,” என்றாள் இஷ்ரத். அவள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். “மேல வெறும் கூரைதான். உம்மா மேல பாத்து யாருக்கோ பதில் சொல்லிட்டே இருக்காங்க. மாடியில இருக்கவங்க பேரு கேக்குறாங்கன்னு சொல்றாங்க. என் பேரு, தம்பி பேரு எல்லாம் சொல்லிட்டாங்க.”

மாதவி செல்வகுமாரைப் பார்த்தாள்.

“விஷ்ணுப்ரியாவைக் கேட்டாங்க,” என்றான். அவன் மகளுக்கு ஆறு வயது. “முழுப் பேரு சொல்லிக் கேட்டாங்க.”

மழை ஓட்டுக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாட்டுக்கடை எப்போது அடங்கியது என்று தெரியவில்லை.

“மூணு மாசமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவேன்னு தெரியும். எல்லார் பேரையும் எழுதிக் குலுக்கிப் போடுவே. அதுல என் மக பேரும் இருக்கும். உனக்குத்தான் எல்லாரும் சமமாச்சே.” இப்போதுதான் அவன் நிமிர்ந்தான். “நீதானே மாது ஒவ்வொரு தடவையும் என்ன வேணும், என்ன வேணும்னு அவங்களைக் கேட்டுட்டே இருந்தியாம். அவங்களும் சொல்லிட்டே இருந்தாங்க. நீ அதையெல்லாம் உன் கற்பனைன்னு நினைச்சிட்டே.”

அவளுக்கு அந்த இடத்தில்தான் வலித்தது. அவள் உண்டாக்கியது என்று பெருமைப்பட்ட கதையும் அவளுடையது இல்லை, அதைக் கேட்க வந்த ஆட்களும் அவளுடைய ஆட்கள் இல்லை.

“எங்க மூணு பேருக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்க,” என்று ஆரம்பித்த செல்வகுமார் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“எனக்கு யாரும் இல்ல. அதானே?”

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டு வாழ்ந்தவள் அவள். தனக்கு ஆள் இருக்கிறது என்று அந்த ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துத்தான் நினைத்திருந்தாள்.

“மாத்து விதி இருக்குல்ல,” என்றான் அவன் எழுந்துகொண்டே. “பிணையா போனவங்க தனக்குப் பதிலா இன்னொருத்தர் பேரை முழுசா எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்க. நீ போட்ட விதிதான். உன் வேலை இடத்துல யாராச்சும்… எனக்குத் தெரியல, மாது.”

அது அவள் இரக்கப்பட்டுப் போட்ட விதி. விளையாடுகிறவர் யாராவது கதையில் சிறைப்பட்டால், பாவம், வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று போட்டது.

மூவரும் இறங்கிப் போனார்கள். இஷ்ரத் மட்டும் படியில் நின்று, “அக்கா, மன்னிச்சிருங்க,” என்றாள். பிறகு அவளும் போய்விட்டாள். கீழ்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மாதவி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயம் இன்னும் வரவில்லை. கோபமும் துக்கமும் நெஞ்சை அடைத்துக்கொண்டு நின்றதில் பயத்துக்கு இடமில்லை.

படியில் காலடி கேட்டது.

ஏறி வரும் காலடி.

திரும்பி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். “செல்வா?” என்றாள். காலடி நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் ஈரத்துணியைப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். பாச்சை உருண்டை வாசனைக்கு நடுவே ஆற்றுச் சேற்றின் வாடை ஏறி வந்தது.

உள்ளறையில் யாரோ எழுந்தார்கள்.

ரொம்ப நாளாக உட்கார்ந்திருந்தவர் எழுந்தது போல, மெல்ல. தூசு உதிர்ந்தது.

மாதவி கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டாள். இடப்பக்கம் தரைப்பலகையில் ஈரம் இரண்டு பாத அளவுக்குப் படர்ந்து நின்றது. வலப்பக்கம் வெள்ளைத் தூசி இரண்டு பாத அளவுக்குப் படிந்து நின்றது. அவள் நாற்காலியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள். ஈரம் ஒரு சாண் பின்னுக்குப் போனது. தூசி ஒரு சாண் முன்னுக்கு வந்தது.

சம தூரம். அவள் எழுதியது எழுதியபடி.

எப்படி இறங்கினாள், எப்படி ஸ்டேஷனுக்கு நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கடைத்தெருவில் பொங்கல் கூட்டம் நெரிந்தது. அவள் வர வர, யாரும் சொல்லாமலே, இரண்டு பக்கமும் ஆட்கள் விலகிக்கொண்டார்கள். ஒரு குழந்தை மட்டும் அவள் தோளுக்கு மேலே எதையோ நிமிர்ந்து பார்த்துவிட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது.

ஐந்தரை மணி ரயிலில் நிற்க இடமில்லை. அவள் உட்கார்ந்த இருக்கைக்கு இரு பக்கமும் மட்டும் இடம் இருந்தது. பைகளோடு வந்த ஒரு பெண் இடப்பக்கம் உட்காரப் போய், கையை வைத்துப் பார்த்து, “ஐயே, ஈரம்,” என்று நகர்ந்துவிட்டாள். வலப்பக்கம் உட்கார்ந்த ஒரு சீனத் தாத்தா தும்மித் தும்மி எழுந்து போனார்.

பாடாங் ஜாவா வந்தது. ஷா ஆலம் வந்தது. இடது கை தோள் வரை சில்லிட்டுப்போயிற்று. வலப்பக்கத்துத் தூசி மூச்சில் ஏறித் தொண்டை வறண்டது. யாரும் அவளைத் தொடவில்லை, ஒன்றும் பேசவில்லை. இனி படுத்தாலும் எழுந்தாலும் இப்படித்தான், சாகும் வரை, செத்தாலும் எந்தப் பக்கமும் சேராமல் நடுவிலே. பயம் இப்போதுதான் வந்தது, வந்ததும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வளர்ந்துகொண்டே போனது.

சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் பையில் கையை விட்டுப் பென்சிலை எடுத்தாள்.

முப்பது டிரைவர்களின் முழுப் பெயரும் அவளுக்குத் தெரியும். ஒருவர் பெயரும் எழுத மனம் வரவில்லை. இஷ்ரத்தின் அழுத முகம் வந்தது, சொக்கலிங்கத்தின் மனைவி வந்தாள், அவர்களையும் எழுத முடியவில்லை. கடைசியில் பன்னிரண்டு இலக்க எண் எழுதிய அந்தக் கை ஞாபகம் வந்தது. அந்த எண்ணை எந்த நாளில் அவன் பாடம் பண்ணினான் என்பதும் ஞாபகம் வந்தது. இராஜம்மாவின் பேச்சு எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள்.

*செல்வகுமார் ஏ/எல் நடேசன்.* கிள்ளானில் அவன் வீட்டு எண், தெருப் பெயர்.

அவ்வளவுதான். பென்சிலைப் பையில் போட்டாள்.

செத்தியா ஜெயாவில் கதவு திறந்தபோது ஈரக்காலடிகள் தரையில் வரிசையாக வெளியே போயின. அவற்றுக்குப் பக்கத்திலேயே வெள்ளைத் தூசியின் தடம். தோளில் சூடு திரும்பியது. இடப்பக்கத்தில் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். வலப்பக்கத்தில் கரும்புக்கட்டோடு ஒரு பெண். மாதவி வாய் திறந்து மூச்சு விட்டாள்.

இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் அந்த நிம்மதி தாங்கியது. மூன்றாவதில் விஷ்ணுப்ரியாவின் நினைவு வந்தது. ‘மாது அத்தை’ என்றுதான் அது கூப்பிடும். அப்பனுக்கு இரண்டு பக்கமும் காவல் நின்றால் அந்தக் குழந்தை எந்தப் பக்கம் போய்ப் படுக்கும்? துரோகம் செய்தது அவன். அதே துரோகத்தை அவனைவிட வேகமாகச் செய்தது இவள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்து அவனை அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“செல்வா, நான் உன் பேரை எழுதிட்டேன். கோவத்துல எழுதிட்டேன். ஒண்ணும் பண்ணாத, நான் திரும்ப—”

“வந்துட்டாங்க, மாது.” ரொம்பத் தணிந்த குரல். பின்னால் டிவியில் ஏதோ சிறுவர் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “கதவுகிட்ட நின்னாங்க. பிள்ளை பாத்துட்டா.”

“கேளு, நான் மறுபடி—”

“போயிட்டாங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன்.”

“யாரை?”

ரயில் வேகத்தைக் குறைத்தது.

“யோசிக்க நேரமில்ல. முழுப் பேரும், நம்பரும், வீடும் பாக்காமலே எழுதத் தெரிஞ்ச ஆளு எனக்கு நீ ஒருத்திதான்,” என்றான்.

போன் வைக்கப்பட்டது.

பந்தாய் டாலாமில் கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. தொழிற்சாலைச் சட்டைக்காரர் கால்சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி எழுந்தார். கரும்புக்காரப் பெண் தும்மிக்கொண்டே கட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அதோடு நிற்கவில்லை.

எதிர் வரிசையில் ஒரு பயணி ஈரத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். அவருக்கு நேரே, இந்த வரிசைக் கடைசியில் ஒருவர் தும்மிக்கொண்டு எழுந்தார். பிறகு அங்கே இருவர், இங்கே இருவர். காவலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒருவர் என்றுதான் மாதவி உடன்படிக்கையில் எழுதியிருந்தாள். இப்போது வந்திருந்தது இரண்டு கூட்டமும். ரயில் கிளம்பியது. கேஎல் சென்ட்ரல் வரும்வரை அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, காரணம் தெரியாமல் கதவோரம் போய் நெருக்கியடித்து நின்றார்கள். இருக்கைகள் காலியாகிக்கொண்டே போயின, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று, சமமாக.